ஈயை மறைத்த இலை

1

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று வாரமாக ஒரு ஜாடி டுலிப் பூ அழுகிக்கொண்டிருந்தது. நேற்றுக் காலை அதை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மாடியிலிருந்து இறங்கி வந்த என் மகள் ஷைனி காலி ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டச்சு மொழியில் கொட்டித் தீர்த்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். எனக்கு டச்சு போய்விடும். அதனால் எங்கள் வீட்டுச் சண்டை எதுவும் யாருக்கும் முழுசாகப் புரிந்ததில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பூக்களை அவள் வரைந்துகொண்டிருந்தாளாம். வாங்கின அன்றைக்கு இல்லை. கழுத்து தொங்கி, இதழ் கருத்து, தண்ணீர் நாற ஆரம்பித்த பிறகுதான் தூரிகையையே எடுத்தாளாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அழுகினதில் என்ன அப்படி ஒரு ருசி?

நியாயம் கேட்க ஊருக்குப் போன் போட்டேன். செல்லத்துரை அத்தான், என் அக்கா கிரேஸின் கணவர், சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அழுகின பூவைக் கொட்டியது சரிதான் என்று சொல்ல இந்த உலகத்தில் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

"நீ ஏன் மாப்ள அதத் தொட்ட? பிள்ள வரைஞ்சிக்கிட்டு இருக்கான்னு தெரியும்லா?" என்றார் அத்தான்.

வாடின பூவை வரைந்தாள் என்பதற்காக எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் செய்த மனிதர் இவர். இப்போது அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு எனக்குப் புத்தி சொல்கிறார். அது எப்படி நடந்தது என்று எழுதிவிடுகிறேன், எனக்காவது ஆற்றாமை தீரும்.

2

நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், ஹார்லெம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடும் மென்பொருள் கம்பெனியில் வேலை. வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஏப்ரல் மாதம் சைக்கிளில் போனால் இரண்டு பக்கமும் பூ வயல். நவம்பர் வந்தால் வானமும் ரோடும் ஒரே நிறம். அதோடு மார்ச் வரைக்கும் சூரியனைப் பார்க்கவே ஆளனுப்ப வேண்டும்.

ஷைனி பள்ளிக்கூடத்தில் ஓவியத்தைப் பாடமாக எடுத்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு என்னை ஒரு மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு அறை முழுக்கப் பூச்சாடிப் படங்கள். முந்நூறு நானூறு வருடம் பழையவை. கறுப்புப் பின்னணியில் ஒரு கண்ணாடி ஜாடி, அது கொள்ளாத அளவுக்குப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கடைக் காலண்டர் மாதிரிதான் இருந்தது. கிட்டப் போனால் இலையில் புழு அரித்த ஓட்டை. ஒரு பூ தலை கவிழ்ந்து கிடக்கிறது. மேஜையில் உதிர்ந்த இதழ், அதன் மேல் ஒரு ஈ.

காவலுக்கு நின்ற அம்மாளிடம் "ஏன் வாடின பூவை வரைந்திருக்கிறார்கள்?" என்று கேட்க நினைத்தேன். என் டச்சில் அது "இந்தப் பூவை எப்போது மாற்றுவீர்கள்?" என்று வந்து விழுந்தது. அவர் மிகவும் மரியாதையாக, கீழ்த்தளத்தில் காபி கிடைக்கும் என்றார். ஷைனி அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள்.

பிறகு அவள்தான் விளக்கினாள். இந்தப் பூங்கொத்து எந்த வீட்டிலும் இருந்ததே இல்லையாம். இளவேனில் பூவும் கோடைப் பூவும் ஒரே ஜாடியில் இருக்க வழியில்லை. ஓவியர்கள் ஒவ்வொரு பூவும் வரும் மாதத்துக்குக் காத்திருந்து தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார்களாம். வாடலும் ஈயும் வேண்டுமென்றே போடுவது. எல்லாம் போய்விடும், நீயும் போய்விடுவாய் என்று பார்க்கிறவனுக்குச் சொல்லத்தான். தேவாலயத்துக்குள் ஒரு படம் வைக்கக்கூட ஒப்பாத அந்தக் காலத்து டச்சு சபைக்காரர்கள், பிரசங்கத்தை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள் போல.

எனக்கு ஒப்பவில்லை. நாமும் பூவை வரையாத ஆட்கள் இல்லை. கோவில் விதானத்தில் தாமரை, சேலைக் கரையில் கொடி, வாசலில் கோலம். எதிலாவது ஒரு பூ வாடியிருக்கிறதா? சங்கரன்கோவில்காரனுக்குப் பூ என்றால் மொட்டு. பனவடலிசத்திரத்திலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் விடியுமுன் பைக்கில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விரியத் தொடங்கினால் விலை இறங்கும். மத்தியானம் மிச்சம் கிடப்பதற்குப் பெயர் பூவே இல்லை, கழிவு. பாதி வருடம் பூவைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரனுக்கு வாடினதைக்கூட விட மனசு வராது. அது அவன் பாடு. நமக்கு என்ன கேடு என்றுதான் நினைத்தேன்.

3

அக்கா ராஜபாளையம் ரோட்டில் புது வீடு கட்ட ஆரம்பித்தபோது, ஹாலுக்கு ஒரு படம் நான் வரைந்து தருவேன் என்று ஷைனி சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிற பிள்ளை, சாம்பாரை ஓரமாகத் தள்ளிவிட்டு ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்கிற பிள்ளை, ஊருக்காக ஒரு காரியம் செய்கிறாள். நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

ஒரு வருடம் வரைந்தாள். பழைய ஓவியர்கள் செய்த மாதிரியே செய்தாள். அதற்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அத்தான் கடையில் சாக்கு மேல் உட்கார்ந்து மல்லியையும் கேந்தியையும் கோழிக்கொண்டையையும் நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். அவற்றை முதலில் போட்டாள். ஏப்ரலில் டுலிப் சேர்ந்தது. ஜூனில் ரோஜா. எல்லாவற்றையும் எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பில் நிறுத்தினாள். நன்றாகத்தான் இருந்தது, மனசாரச் சொல்கிறேன். பிறகு டுலிப்பின் தலையைத் தொங்கவிட்டாள். கேந்தியிலிருந்து நாலு இதழை உதிர்த்தாள். கடைசியாக மல்லிகைமேல் ஒரு ஈ.

"ஈ எதுக்கும்மா?"

"மாமா கடையில எத்தனை ஈ இருந்துது தெரியுமா அப்பா? ஈ இல்லாம அந்தப் பூ பொய்."

வீட்டுப் பிரதிஷ்டை, ஜெபம் செய்து புது வீட்டில் குடியேறும் விசேஷம், ஜூலையில். ஷைனிக்கு விடுமுறை வேலை இருந்ததால் நான் மட்டும் படத்தோடு போனேன். எந்த விமான நிலையம் என்று சொல்லவில்லை, சுங்க அதிகாரி படத்தைப் பிரிக்கச் சொன்னார்.

"இது பழைய காலத்துப் படமா?"

"இல்லை சார், என் மகள் வரைந்தது."

"அப்புறம் ஏன் பூ வாடியிருக்கு?"

பழையது இல்லை என்பதற்குச் சான்றிதழ் கேட்டார். புதியது என்று எந்த அலுவலகத்தில் சான்றிதழ் தருவார்கள் என்று நான் கேட்டேன். அதையும் நான்தான் விசாரித்து வர வேண்டுமாம். கடைசியில், "சார், பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை, மோந்து பாருங்கள்" என்றேன். மோந்து பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

4

பிரதிஷ்டை அன்று படம் ஹாலில், வாசலுக்கு நேர் எதிரே தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயர் ஜெபம் முடித்து, கண்ணைத் திறந்து, படத்தருகே போய் ஈயை விரட்டக் கையை வீசினார். அது போகவில்லை. இன்னொரு முறை வீசினார். சின்னப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த ஷைனி குதித்தாள். பார்க்கிறவரை ஏமாற்றத்தான் அந்தக் காலத்தில் ஈயை வரைவார்களாம், அது பலித்துவிட்டது.

அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. புது வீட்டில், அதுவும் பூக்காரர் வீட்டில், ஐயர் ஈ ஓட்டுகிறார். போனைப் பிடுங்கி, "ஏட்டி மருமவளே, எல்லாஞ் சரி, இந்தப் பூ ஏன் தொங்கிப்போய்க் கெடக்கு?" என்று கேட்டார்.

"அது செத்துப்போச்சு மாமா. எல்லாரும் சாவோம்ல, அதைக் காட்டத்தான்."

'வாடிப்போச்சு' என்ற வார்த்தை அவளுக்கு அந்த நேரம் வரவில்லை. ஹால் முழுக்கக் கேட்டது. அக்கா கேசரித் தட்டோடு அப்படியே நின்றாள். நான் ஒருவன்தான் சத்தமாகச் சிரித்து, வேறு பேச்சை எடுத்து, பந்திக்கு வாருங்கள் என்று கூவினேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்காகவே சொன்னது.

5

செப்டம்பரில் ஒரு நாள் அக்காவின் மகள் ஜெனி வாட்ஸாப்பில் குடும்பப் படம் அனுப்பினாள். அவளுக்குச் சிவகிரியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. எல்லாரும் ஹாலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஷைனியின் படம். என் கண்ணில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

டுலிப் எழுந்து நின்றது. ஈ இருந்த இடத்தில் பச்சையாக ஒரு இலை. உதிர்ந்த இதழ்கள் இருந்த இடம் மேஜை விரிப்பாகி, அதில் பூ வேலைப்பாடு. எல்லாப் பூவிலும் பளபளவென்று பனித்துளி. அடியில் தங்க நிறத்தில் 'நல்வரவு'.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஆமால தம்பி, சரி பண்ணச் சொன்னோம். வாரவங்க போறவங்க எல்லாம் என்ன இப்படிக் கெடக்குன்னு கேக்குதாங்க. கடை போர்டு எழுதுத ஆளு, பாவம், ரெண்டு நாளா நின்னு செஞ்சான். நல்லா இருக்குல்லா?"

"அக்கா, அது அவ வரைஞ்ச படம்."

"அவ வரைஞ்சதுதான, யாரு இல்லன்னா? அவ பேரு அங்கனதான் இருக்கு. அத அழிக்கலியே."

அத்தான் போனை வாங்கினார். "மாப்ள, நான் சொல்லுதேன் கேளு. விடிஞ்சா நான் பாக்கதே அழுகுன பூவத்தான். அள்ளி அள்ளிக் குப்பைல போட்டுட்டு வாரேன். வீட்டுக்கு வந்து, கால நீட்டி உக்காந்து, அங்கயும் அதத்தான் பாக்கணுமா? பொண்ணுக்கு வேற கல்யாணம் வருது. வாடுன பூவ மாட்டி வச்சா வெளங்குமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். ஒருவர் பக்கமாவது முழுத் தப்பு இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம். வீட்டுக்காரர் தன் சுவரில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லக் கூடாதா? வரைந்தவள் அனுமதி இல்லாமல் இன்னொருவன் தொடலாமா? இரண்டு நாள் ஷைனியிடம் சொல்லாமல் சமாளித்தேன். ஆனால் ஜெனி அந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பியிருந்தாள்.

ஷைனி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் கல்யாணத்துக்கு வரலை. அந்த வீட்டுக்கு இனிமே எப்பவும் வரலை," என்றாள். தெளிவான தமிழில் சொன்னாள்.

ஜெனிக்குப் பக்கத்தில் தோழியாக நிற்பது ஷைனிதான் என்று இரண்டு பேரும் சிறு வயதிலேயே பேசி வைத்தது. ஊரில் எங்களுக்கு என்று இருப்பது அந்த ஒரு வீடுதான். அம்மா அப்பா போய்விட்டார்கள். அக்கா வீட்டுக்கும் இவள் போக மாட்டாள் என்றால், எனக்குப் பிறகு சங்கரன்கோவிலுக்கும் இவளுக்கும் என்ன பேச்சு? மகள் கோபம் ஆறிவிடும் என்று என் மனைவி மெர்சி சொன்னாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஒரு வார்த்தை சொன்னால் அதன்படியே நடந்துகொண்டு நம்மைக் கழுத்தறுப்பார்கள்.

அத்தானிடம் ஒரு மன்னிப்புச் சொல்லச் சொன்னேன். "படத்தச் சரி பண்ணதுக்கா? நன்றி சொல்லச் சொல்லு அவள," என்றார். அதோடு மூன்று மாதம் அத்தானுக்கும் எங்களுக்கும் பேச்சு இல்லை. அக்கா எனக்குப் போன் செய்தால் பின்னால் அத்தான் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார்.

6

ஜெனிதான் ஷைனியைக் கரைத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. டிசம்பர் தொடக்கத்தில், "ஜெனிக்காக வர்றேன். மாமாகிட்ட பேச மாட்டேன்," என்று வந்து நின்றாள். சரி, இந்த மட்டுக்கும் ஆச்சு.

புறப்படுவதற்குள் அவளுடைய வெளிநாட்டு இந்தியர் அட்டையில் புது பாஸ்போர்ட் விவரத்தை ஏற்ற வேண்டியிருந்தது. புகைப்படம் சதுரமாக இருக்க வேண்டும், கையெழுத்து நீளவாக்கில் இருக்க வேண்டும். சதுரம் போதவில்லை என்று இணையதளம் திருப்பி அனுப்பியது. வெட்டினேன். இப்போது காது தெரியவில்லையாம். காதைத் தெரிய வைத்தேன், கையெழுத்து நீளம் என்றது. "பாருங்கப்பா, அதுவே என்னை வேண்டாம்னு சொல்லுது," என்றாள் ஷைனி. அன்றைக்கு அந்தக் கணினியை நான் வெளியே எறியாதது ஆண்டவர் கிருபை.

ஊருக்குப் போய் இறங்கி, ஹாலுக்குள் நுழைந்ததும் படத்தின் முன்னால் நின்றாள். பெட்டியில் பஞ்சும் கரைப்பானும் கொண்டுவந்திருந்தாள். மேலே பூசியது எனாமல், போர்டுக்கு அடிக்கிற பெயின்ட். ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தாள். எனாமலோடு சேர்ந்து அவள் பூசிய கறுப்புப் பின்னணியும் பஞ்சில் வந்தது. பஞ்சை மடித்துப் பையில் போட்டு மூடிவிட்டாள். அத்தான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில், "அப்பா, மாமாவுக்கு மோர் வேணுமா கேளுங்க" என்று என் மூலமாகக் கேட்டாள். அவரும் "வேண்டாம்னு சொல்லு மாப்ள" என்று என் மூலமாகவே பதில் சொன்னார். மோருக்கு மொழிபெயர்ப்பாளனாகவா நான் இத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்தேன்?

7

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மார்கழிக் குளிரில் மல்லிகை வரத்து அடியோடு குறைந்திருந்த நேரம். அத்தான் யார் யாரிடமோ சொல்லி வைத்து, மகளுக்கான மாலைக்குத் தானே ஒவ்வொரு மொட்டாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். அப்படி ஒரு மாலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெனிக்குப் பக்கத்தில் ஷைனி சேலை கட்டி நின்றாள். சபைக் கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்து, மணமக்களுக்குப் பால் பழம் கொடுத்த பிறகு, ஜெனி சேலை மாற்றிக்கொண்டு சிவகிரிக்குக் கார் ஏறினாள். கழற்றின மாலையை யாரோ ஹாலில் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் அக்கா வீட்டைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பந்தல்காரர்கள் போய்விட்டார்கள். உறவுக்காரர்களும் போய்விட்டார்கள். மாலை மட்டும் அப்படியே தொங்கியது. மல்லிகை பழுப்பாகி, ரோஜா கருத்து, கீழே தரையில் இதழ் உதிர்ந்து கிடந்தது. மெல்ல நாறவும் தொடங்கியிருந்தது. அக்கா அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"அது கெடக்கட்டும்," என்றார் அத்தான், நாற்காலியிலிருந்து.

"நாறுதுங்க. எறும்பு வரும்."

"வந்தா வருது. கெடக்கட்டும்ங்கேன்லா."

நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டு ஷைனி அறையிலிருந்து வெளியே வந்தாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது. நேராக அவரிடமே பேசினாள்.

"வாடின பூ வீட்டுல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

அத்தான் மாலையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. தினமும் கூடை கூடையாக அழுகின பூவை அள்ளிக் கொட்டுகிற மனிதர். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அத்தனை எரிச்சலும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஷைனி உள்ளே போய் நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து மாலைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"வரையப் போறியாட்டி?" என்றார் அத்தான்.

"ம்."

அக்கா துடைப்பத்தோடு நடுவில் வந்து, "அப்ப இந்த அடிய மட்டும் கூட்டிருதேன், குப்பையாக் கெடக்கு," என்று குனிந்தாள். அத்தான் எழுந்து வந்து துடைப்பத்தைப் பிடித்து நிறுத்தினார். நாற்காலியைத் தூக்கி ஷைனிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தரையைக் காட்டினார்.

"கீழ உதுந்து கெடக்குல்லா மக்கா. அதையும் சேத்து வரைஞ்சிரு."